கலைந்து போவதற்கு ஒரு கச்சேரி

ஜப்பானியப் பள்ளி மாணவிகள் ஒன்பது பேர் தங்கள் பாட்டுக் குழுவைக் கலைக்கும் கதை 2015ல் வசூலைக் குவித்தது. படத்தில் அந்தப் பெண்களைத் துரத்திய கேள்வி, அவர்களுக்குக் குரல் கொடுத்தவர்களையும் விடவில்லை.

டோக்கியோவின் அகிஹபரா கடைத்தெரு. பொழுது சாய்கிற நேரம். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்திருக்கும் பள்ளி மாணவிகள் தெரு நெடுகிலும் பலூன் கட்டிக்கொண்டும் அலங்காரம் செய்துகொண்டும் இருக்கிறார்கள். மறுநாள் இதே தெருவில் எல்லோரும் சேர்ந்து ஆடிப் பாடப் போகிறார்கள். அவர்களைத் திரட்டியவள் ஹொனோகா கோசாகா, மியூஸ் என்ற ஒன்பது பேர் குழுவின் தலைவி. வேலை ஓய்கிற வேளையில் அவள் எல்லோர் முன்னாலும் நின்று ஒரு விஷயத்தைச் சொல்கிறாள். மியூஸ் இத்தோடு முடிகிறது.

யாரும் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் நிற்கும் ஹொனோகாவின் தங்கைக்கே முகம் மாறிவிடுகிறது. அந்த ஒன்பது பேரைப் பார்த்துத்தான் அங்கிருப்பவர்களில் பலர் மேடையேற ஆசைப்பட்டார்கள். அவர்கள் கையில் பலூனைக் கொடுத்துவிட்டு, நாங்கள் விலகுகிறோம் என்கிறாள் இந்தப் பெண்.

'லவ் லைவ்! த ஸ்கூல் ஐடல் மூவி' என்ற அந்த அனிமே படம் ஜப்பானில் 2015 ஜூன் 13 அன்று வெளியாயிற்று. வசூல் சுமார் 280 கோடி யென். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் தொடர்ச்சியாக வந்த, அதுவும் நள்ளிரவு நேரத்துத் தொடரின் தொடர்ச்சியாக வந்த ஒரு படத்துக்கு இது சாதாரணத் தொகை அல்ல. ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்குப் படச்சுருளிலிருந்து ஒரு துண்டை நறுக்கிப் பரிசாகக் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். தனக்குப் பிடித்த பெண்ணின் முகம் அந்தத் துண்டில் வரும்வரை ரசிகன் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருப்பான். இந்த வியாபார சாமர்த்தியத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், படத்தில் விஷயம் இருக்கிறது.

அனிமே இப்போது நமக்குப் புதிதல்ல. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கே வந்தது. ஆனால் நம்மிடம் வந்து சேர்வது பெரும்பாலும் வாளும் பேயும். பாட்டுக் குழுப் பெண்கள் ஒரு பெரிய கச்சேரிக்குத் தயாராவதை மட்டுமே கதையாக வைத்து ஜப்பானில் தனியாக ஒரு வகையே இருக்கிறது என்பதும், அதற்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதும் இங்கே அவ்வளவாகத் தெரியாது. அந்த வகையில் அதிகம் பேசப்பட்ட படம் இது.

கதையின் தொடக்கம் பாட்டில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. கான்டா பகுதியில் ஒதொனொகிசாகா என்ற பெண்கள் மேல்நிலைப்பள்ளி. மூன்றாம் ஆண்டில் மூன்று வகுப்புகள், இரண்டாம் ஆண்டில் இரண்டு, முதலாம் ஆண்டில் ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று கணக்குத் தெரியாதவர்களுக்கும் தெரியும். பள்ளியை மூடப் போகிறார்கள். இது கதாசிரியரின் கற்பனை மட்டுமல்ல. குழந்தைகள் குறைந்துகொண்டே வரும் ஜப்பானில் 2002 முதல் 2020 வரை மூடப்பட்ட அரசுப் பள்ளிகள் 8,580 என்கிறது அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் கணக்கு. இனிப்புக் கடைக்காரர் மகளான ஹொனோகா, பள்ளிக்கு மாணவிகளை ஈர்க்க ஒரே வழி பாட்டுக் குழு என்று முடிவு செய்கிறாள். அவளும் தோழிகள் கொதொரி, உமி இருவருமாகத் தொடங்கி, முன்னே பின்னே முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர, ஒன்பது பேர் ஆகிறார்கள். கிரேக்கப் புராணத்தில் கலைகளுக்கு ஒன்பது தேவதைகள். பெயர் அங்கிருந்து வந்தது. (ஜப்பானில் அதே பெயரில் சோப்பு இருப்பதால் ஹொனோகாவுக்கு முதலில் சோப்புதான் ஞாபகம் வருகிறது.)

பயிற்சி பெறக் கூடம் கிடையாது. கான்டா மியோஜின் கோவிலின் செங்குத்துப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கி மூச்சுப் பிடிக்கப் பழகுகிறார்கள். இது நிஜமான கோவில். குழுவின் நொசொமி கதையில் அங்கே பூஜை உதவிக்கு நிற்கும் பெண். இந்தத் தொடருக்குப் பிறகு அங்கே வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப் பலகைகளில் ரசிகர்கள் இந்தப் பெண்களின் படத்தை வரைந்து தொங்கவிட ஆரம்பித்தார்கள். கோவிலும் முகம் சுளிக்கவில்லை.

2013, 2014 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வந்த தொடரில் பள்ளி பிழைத்துவிடுகிறது. நாடு தழுவிய போட்டியிலும் மியூஸ் ஜெயித்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டு மாணவிகள் எரி, நொசொமி, நிகோ மூவரும் படிப்பு முடிந்து வெளியேறும்போது குழுவைக் கலைத்துவிடுவது என்று ஒன்பது பேரும் ஏற்கெனவே கடற்கரையில் நின்று அழுது தீர்மானித்திருக்கிறார்கள். (எரியின் பெயரை ஆங்கில எழுத்துக் கூட்டலிலிருந்து பெயர்த்தால் எலி ஆகிவிடும். அந்த அழகான பெண்ணுக்கு அது வேண்டாம்.) பட்டமளிப்பும் நடந்து முடிகிறது. படம் தொடங்குவது அதற்குப் பிறகு. ஜப்பானில் கல்வியாண்டு மார்ச் 31ல் முடிகிறது. விழா முடிந்தாலும் அந்தத் தேதி வரை அவர்கள் மாணவிகள்தான். அந்தச் சில நாட்கள்தான் படத்தின் காலம்.

இந்த இடத்தில் ஐடல் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1964ல் ஜப்பானில் திரையிடப்பட்ட ஒரு பிரெஞ்சுப் படத்தின் தலைப்பிலிருந்தும், அதில் பாடிய ஸில்வி வார்த்தானிடமிருந்தும் ஜப்பானியர்கள் இச்சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அகராதியைப் பார்த்துத் தமிழில் விக்கிரகம் என்று போடலாம். ஆனால் கோவில் வழக்கில் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: உற்சவர். கருவறைக்குள் அசையாமல் இருக்கும் மூலவர் மாதிரி அல்ல இவர்கள். அலங்காரம் செய்துகொண்டு தெருவுக்கு வந்து, பக்தர்களைத் தேடிப் போகிறவர்கள். பிரமாதமாகப் பாட வேண்டும் என்றில்லை. பிரமாதமாகப் பாட முயல்வதை ரசிகன் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அவள் தடுமாறுவதும் தேறுவதும்தான் அவனுக்குக் காட்சி.

இதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனது ஏகேபி48. பாடலாசிரியர் யசுஷி அகிமொதோ 2005 டிசம்பரில் அதே அகிஹபராவில் ஒரு கடைக் கட்டடத்தின் எட்டாம் மாடியில் சின்ன அரங்கு திறந்தார். முதல் நாள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஏழு பேர். சில ஆண்டுகளில் அது நாட்டின் மிகப் பெரிய குழு. பாட்டுத் தட்டு வாங்கினால் ஓட்டுச் சீட்டு கிடைக்கும். அந்த ஓட்டில் ஜெயித்தவர்களுக்கு முன்வரிசை. 2009 முதல் 2018 வரை ஆண்டுதோறும் இந்தத் தேர்தல் நடந்தது. குழுவை விட்டுப் போவதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பள்ளிப் படிப்பு முடித்தல்'. இருபத்தைந்து வயதுக்காரி வேலையை விடுவதையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மென்மையான சொல்லுக்குப் பின்னால் ஒப்பந்தங்கள் கடுமையானவை. காதலிக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட, சில இடங்களில் எழுதப்படாத விதி. 2013ல் ஏகேபி48ன் மினாமி மினெகிஷி ஓர் இளைஞர் வீட்டில் இரவு தங்கினார் என்று பத்திரிகையில் வந்ததும், தலையை மழித்துக்கொண்டு கேமரா முன் அழுது மன்னிப்புக் கேட்டார். உலகம் முழுக்க அந்தக் காட்சி ஓடியது. 2015 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், விதியை மீறிய 17 வயது முன்னாள் ஐடல் 6,50,000 யென் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. 2016 ஜனவரியில் அதே நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கில் தீர்ப்பு நேர்மாறாக வந்தது. ஒருவரை விரும்பிப் பழகுவது அவரவர் சுதந்திரம், அதற்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்றார் நீதிபதி. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் சற்று முன்னால் வந்த படம், தன் கதாநாயகிகளுக்கு முதலாளி, மானேஜர், ஒப்பந்தம் எதையும் வைக்கவில்லை. அவர்கள் 'பள்ளி ஐடல்கள்'. உடையைத் தாங்களே தைக்கிறார்கள், பாட்டைத் தாங்களே எழுதுகிறார்கள். அதனால்தான் அவர்களால் நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கவே முடிகிறது.

ஆனால் அந்தக் கதாபாத்திரங்கள் பிறந்த விதம் வேறு. லவ் லைவ் 2010ல் ஒரு பத்திரிகையும் லான்டிஸ் என்ற இசை நிறுவனமும் சன்ரைஸ் அனிமே நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய திட்டம். 'எல்லோரும் சேர்ந்து நனவாக்கும் கதை' என்பது விளம்பர வாசகம். குழுவின் பெயர் வாசகர் ஓட்டில் தேர்வாயிற்று. பாட்டில் நடுவில் நிற்பவள் யார் என்பதும் ஓட்டில்தான். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த முதல் பாட்டுத் தட்டு ஆரம்பத்தில் விற்றது 434 பிரதிகள். ரசிகர்கள் இன்றும் இந்த எண்ணைத் தங்கள் வம்ச வரலாறு மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஆக, வாசகர்கள் ஓட்டுப் போட்டு வளர்த்த பெண்கள் ஐந்து ஆண்டுக்குப் பிறகு படத்தில் திரும்பி நின்று, இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஓட்டு வேண்டாம், நாங்களே முடிவு செய்கிறோம் என்கிறார்கள். படத்தின் துணிச்சல் அதில் இருக்கிறது.

இயக்குநர் தகாஹிகோ கியோகோகு, திரைக்கதை எழுதிய ஜுக்கி ஹனாதா இருவரும் இதற்கு வருவதற்குச் சுற்றுவழி எடுத்துக்கொள்கிறார்கள். போட்டியின் அடுத்த பதிப்பை மாபெரும் டோம் அரங்கில் நடத்த ஏற்பாட்டாளர்கள் விரும்புகிறார்கள். அதற்கு விளம்பரமாக, வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் ஆட மியூஸ் நியூயார்க் போகிறது. படத்தின் முதல் பாதி இந்தப் பயணம். ஹொனோகா விலாசத்தைத் தப்பாக எழுதிக் கொடுத்ததில் உமியும் இரண்டு பேரும் வேறு ஓட்டலில் போய் இறங்குகிறார்கள். ஹனயோவுக்கு வெள்ளைச் சோறு கிடைக்காமல் அழுகை வருகிறது. (இந்தக் காட்சியைத் தென்னிந்தியர்கள் எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்துகொள்வார்கள்.) வேடிக்கைதான், ஆனால் சுற்றுலா விளம்பரப் படம் மாதிரி இழுக்கிறது. அங்கே ஆடும் பாட்டும் கண்ணைக் கவர்கிறதே தவிரக் கதைக்கு வேண்டியதாக இல்லை.

ஒரே ஒரு இடம் விதிவிலக்கு. ஹொனோகா சுரங்க ரயிலில் மாறி ஏறித் தோழிகளைத் தொலைத்துவிடுகிறாள். இரவில், தெருவில் ஒலிவாங்கி வைத்துப் பாடிக்கொண்டிருக்கும் ஒரு ஜப்பானியப் பெண்ணைச் சந்திக்கிறாள். அவளும் ஒரு காலத்தில் தோழிகளோடு குழுவாகப் பாடியவள். ஒரு கட்டத்தில் அது முடிவுக்கு வந்தது. பிறகு எதற்காகப் பாடினோம் என்று யோசித்ததில், பதில் மிகவும் எளிமையாக இருந்தது என்கிறாள். என்ன பதில் என்று சொல்வதில்லை. ஹொனோகாவை ஓட்டல் வாசலில் கொண்டுவிட்டு மாயமாகிறாள். அவளுடைய ஒலிவாங்கி ஹொனோகாவின் கையில் தங்கிவிடுகிறது. பின்னால் டோக்கியோவிலும் ஒருமுறை எதிர்ப்படுகிறாள். அவள் யார் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. எதிர்காலத்து ஹொனோகாவே என்று ரசிகர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். முடியின் நிறத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

நாடு திரும்பும்போது கதை இறுகுகிறது. விமான நிலையத்திலேயே கையெழுத்துக் கேட்டு மொய்க்கிறார்கள். அகிஹபரா முழுக்க அவர்களுடைய படங்கள். தங்கள் ஊர்த் தெருவிலேயே மறைந்து ஓட வேண்டியிருக்கிறது. இனி ஒரு கச்சேரி நடத்தாமல் நழுவ முடியாது. நடத்தினால், அடுத்தது எப்போது என்பார்கள்.

நெருக்குபவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை என்பது இந்தப் பகுதியைக் கூர்மையாக்குகிறது. தலைமையாசிரியை (கொதொரியின் அம்மாவும் அவர்தான்) கூப்பிட்டு, டோமில் போட்டி நடக்கும் வரையாவது தொடர முடியுமா என்று தயக்கத்தோடு கேட்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மியூஸ் இல்லையென்றால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையென்றால் டோம் இல்லை, டோம் இல்லையென்றால் பின்னால் வரும் மாணவிகளுக்கு அந்த மேடை இல்லை. போட்டிக் குழுவான ஏ-ரைஸின் தலைவி ட்சுபாசா, நாங்கள் தொழில்முறைப் பாடகிகளாகத் தொடரப்போகிறோம், நீங்களும் தொடருங்கள் என்று அழைக்கிறாள். சாலையில் எதிர்ப்படும் சின்னப் பெண்கள், அடுத்த கச்சேரிக்குக் கட்டாயம் வருவோம் என்று சொல்லிக் கண்கள் மின்ன நிற்கிறார்கள். அவர்களிடம் இல்லை என்று யார் சொல்வது? அதுவரை எதையும் யோசிக்காமல் குதிக்கிற ஹொனோகாவுக்கு முதல்முறையாக வாய் எழுவதில்லை.

ஹொனோகா சிறுமியாக இருந்தபோது மழைநீர் தேங்கிய ஒரு பெரிய குட்டையை ஒரே தாவலில் தாண்ட முயன்று, விழுந்து நனைந்து, மறுபடி ஓடிவந்து தாண்டும் காட்சியோடுதான் படம் தொடங்குகிறது. முடிவெடுக்கும் கட்டத்தில் அந்தத் தாவல் ஒரு கனவுபோல் திரும்ப வருகிறது, குட்டை இம்முறை ஏரி அளவு. மறுநாள் பள்ளி மாடிக்கு வந்து பார்த்தால் மற்ற எட்டுப் பேரும் அதே முடிவோடு காத்திருக்கிறார்கள். கலைத்துவிடுவோம். ஆனால் அதற்கு முன், பள்ளி ஐடல்கள் என்றால் மியூஸ் மட்டும் இல்லை என்று ஊருக்குக் காட்டிவிடுவோம். நாட்டில் உள்ள குழுக்களையெல்லாம் அழைத்து ஒரே பாட்டை ஒரே தெருவில் ஆடினால், டோம் நிறைவதற்கு ஒன்பது பேர் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதற்காக அவர்கள் ஊர் ஊராகப் போய்க் குழுக்களைத் தேடிப் பேசுகிறார்கள்.

படத்தின் சிறந்த பத்து நிமிடங்கள் இந்தத் தயாரிப்பில்தான் கிடைக்கின்றன. மேடை கட்டுவதும் தோரணம் கட்டுவதும் தெரியாத ஊர்ப் பெண்களோடு பேசிப் பழகுவதுமாகப் போகிற காட்சிகள். நம்மூர்த் திருவிழாவுக்கு முந்தின நாளின் பரபரப்பு அப்படியே இருக்கிறது. மறுநாள் ஆட்டத்தில், கையால் வரைந்த படங்களும் கணிப்பொறி உருவங்களும் ஒன்றோடொன்று மாறி மாறி வருகின்றன. கூர்ந்து பார்த்தால் ஒட்டு தெரியும். கூட்டம் அதிகமாகும்போது பின்வரிசைப் பெண்கள் பொம்மைகள் மாதிரி அசைகிறார்கள். ஆனால் தெரு நிறைந்து வழிவதைப் பார்க்கையில் அது உறுத்துவதில்லை.

தெருவைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு கனம் உண்டு, படம் அதைப் பற்றி மூச்சு விடாவிட்டாலும். அகிஹபராவின் பிரதான சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விடுவது வழக்கம். 2008 ஜூன் 8 அன்று ஒருவன் லாரியைக் கூட்டத்துக்குள் ஓட்டி, இறங்கிக் கத்தியால் குத்தியதில் ஏழு பேர் இறந்தார்கள். அதன்பின் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டு, 2011 ஜனவரியில்தான் சோதனை முறையில் மீண்டும் தொடங்கியது. அந்தச் சாலை நடுவில் நூற்றுக்கணக்கான பெண்கள் பயமில்லாமல் ஆடுவதை டோக்கியோக்காரர்கள் வெறும் அலங்காரமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கலைந்து போவதைக் கொண்டாடுவது ஜப்பானிய இசைக்குப் புதிதல்ல. கேண்டீஸ் என்ற மூன்று பெண்கள் குழு 1977 ஜூலையில் டோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கில், நிர்வாகத்துக்குக்கூடச் சொல்லாமல், மேடையிலேயே அழுதுகொண்டு விலகலை அறிவித்தது. சாதாரணப் பெண்களாகத் திரும்பிப் போக வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நாடே அதைப் பேசியது. 1978 ஏப்ரல் 4 அன்று கொராகுவென் விளையாட்டரங்கில் 55,000 பேர் முன்னால் கடைசியாகப் பாடினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, புகழின் உச்சியில் இருந்த மொமோவே யமாகுச்சி 21 வயதில் திருமணத்துக்காக ஓய்வு பெற்றார். 1980 அக்டோபர் 5 அன்று புடோகான் அரங்கில் கடைசிப் பாட்டை முடித்து, வெள்ளை ஒலிவாங்கியை மேடைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார். திரும்பப் பாட வரவேயில்லை. அந்த ஒலிவாங்கி ஜப்பானியர் மனதில் பதிந்த படிமம். ஹொனோகாவின் கையில் வந்து சேரும் ஒலிவாங்கியைப் பார்க்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு அது ஞாபகம் வராமல் இருக்காது.

கச்சேரித் தயாரிப்பைக் கதையாக்கிய வேறு படங்களும் உண்டு. 2014 ஜனவரியில் வந்த 'ஐடல்மாஸ்டர்' படத்தில் பெரிய அரங்கில் ஆட வாய்ப்புப் பெற்ற குழுவுக்குப் பின்னால் ஆட ஏழு புதுப் பெண்கள் வருகிறார்கள். அவர்களில் கனா என்பவளுக்கு அடவு பிடிபடவில்லை. மன உளைச்சலில் கண்டதைத் தின்று உடம்பு பெருத்து, வெட்கப்பட்டு வராமலே நின்றுவிடுகிறாள். அவளை விட்டுவிட்டுப் போகலாம் என்று சக நடனப்பெண் ஷிஹோ வாதிடுகிறாள். எல்லோரும் சேர்ந்துதான் ஏற வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள் தலைவி ஹருகா. கச்சேரி தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஷிஹோவின் பக்கம் நியாயம் இருப்பதைப் படம் மறைக்கவில்லை என்பதால் அந்த வாக்குவாதம் உண்மையாக ஒலிக்கிறது.

இதற்கெல்லாம் எதிர்த்துருவத்தில் நிற்பது சதோஷி கோன் 1997ல் எடுத்த 'பெர்ஃபெக்ட் புளூ'. அதுவும் ஒரு பெண் பாட்டுக் குழுவை விட்டு விலகும் கச்சேரியோடுதான் தொடங்குகிறது. மிமா நடிகையாகப் போகிறாள். ரசிகன் ஒருவன் அதைத் துரோகமாக எடுத்துக்கொள்கிறான். பிறகு நடப்பது ரத்தக்களரி. விலகும் பெண்ணுக்கு என்ன விலை என்று அந்தப் படம் ஈவிரக்கமில்லாமல் காட்டியதை, லவ் லைவ் பலூன் கட்டி மூடிவிட்டது என்று குற்றம் சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. லவ் லைவ் உலகத்தில் காசு இல்லை, காமம் இல்லை, ஆண்களே கிட்டத்தட்ட இல்லை. ஹொனோகாவின் அப்பாவுக்குக்கூட முகம் வரையவில்லை. இவ்வளவையும் துடைத்துவிட்டால் எந்தத் தொழிலும் பரிசுத்தமாகத்தான் தெரியும். இருந்தாலும் கோன் காட்டிய அதே சிக்கலைத்தான் கியோகோகுவும் தொடுகிறார். மேடையில் நிற்பவள் யாருக்குச் சொந்தம்?

அதற்கான பதிலை நிஜத்திலும் சொல்ல வேண்டிவந்தது. மியூஸின் ஒன்பது பேருக்குக் குரல் கொடுத்த எமி நிட்டா, யோஷினோ நன்ஜோ முதலான நடிகைகள், பின்னால் திரையில் அனிமே ஓட, முன்னால் அதே உடையில் அதே அடவுகளை ஆடுவது இந்தத் திட்டத்தின் தனி அடையாளம். குரல் கொடுக்க வந்தவர்கள் ஆட்டக்காரிகளாகவும் ஆக வேண்டியதாயிற்று. 2012 பிப்ரவரியில் யொகொஹாமாவின் ஒரு சிறிய அரங்கில் தொடங்கியவர்கள் 2014ல் சைதாமா சூப்பர் அரீனாவை நிரப்பினார்கள். 2015 டிசம்பர் 31 அன்று என்எச்கேயின் ஆண்டிறுதிப் பாட்டு விழாவிலும் ஆடினார்கள். ஜப்பானில் அந்த மேடைக்கு மேல் மேடை கிடையாது. வியாபாரம் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில் இறுதி நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டது.

இடம் டோக்கியோ டோம். தேதி 2016 மார்ச் 31, ஏப்ரல் 1. கல்வியாண்டின் கடைசி நாளும் அடுத்ததன் முதல் நாளும். திரையில் பெண்கள் கனவு கண்ட டோம் இதன் சாயல்தான். கேண்டீஸ் கடைசியாகப் பாடிய கொராகுவென் அரங்கம் இதன் பக்கத்தில்தான் இருந்தது. 1988ல் டோம் திறந்ததையொட்டி அதை இடித்துவிட்டார்கள். சுமார் 55,000 பேர் கொள்ளும் இடத்தில் இரண்டு நாளும் கூட்டம் நெரிந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜப்பானிலும் வெளிநாடுகளிலும் திரையரங்குகளில் நேரடியாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிறம் என்ற கணக்கில் ரசிகர்கள் ஒளிக்கோல் அசைப்பது வழக்கம். ஒருவர் பாடவரும்போது அரங்கம் மொத்தமும் ஒரே நொடியில் நிறம் மாறும். அதற்கும் பயிற்சி வேண்டும், ரசிகர்கள் பழகிவைத்திருந்தார்கள்.

அதோடு எல்லாம் முடிந்ததா என்றால், மொமோவே மாதிரி முடியவில்லை. 2020 ஜனவரி 18, 19 தேதிகளில் லவ் லைவ் குழுக்கள் அனைத்தும் சைதாமாவில் கூடியபோது மியூஸ் மறுபடி மேடையேறியது. நாலு வருஷம் காத்திருந்த ரசிகர்கள் அழுதார்கள். படத்தை நெஞ்சில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு அது உறுத்தவும் செய்தது. கதையில் கலைந்த குழுவின் பெயரில் பொருள்கள் விற்பதும் நிற்கவில்லை.

திட்டம் தொடர்கிறது. 2015ல் அறிவிக்கப்பட்ட அக்வா என்ற அடுத்த குழு கடலோர ஊரான நுமாசுவைக் களமாகக் கொண்டது. அங்கே பள்ளியைக் காப்பாற்ற முடியாமல் போகிறது, மூடியே விடுகிறார்கள். 2019 ஜனவரியில் வந்த அவர்களுடைய படத்திலும் மூன்று மூத்த மாணவிகள் படிப்பு முடிந்து போகிறார்கள். ஆனால் மீதி ஆறு பேர், ஹொனோகாவின் குழு எடுத்த முடிவை எடுக்காமல், அதே பெயரில் தொடர்வது என்று தீர்மானிக்கிறார்கள். அக்வாவின் ஒன்பது நடிகைகளும் சேர்ந்து ஆடிய இறுதி நிகழ்ச்சி 2025 ஜூனில் டோக்கியோவை அடுத்த பெல்லூனா டோமில் இரண்டு நாள் நடந்தது.